படியில் ஒன்றும் வைக்காதீர்கள்

மும்பை வாழ் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

இன்று ஏப்ரல் 14. தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எத்தனையோ வீடுகளில் இந்நேரம் மாங்காய்ப் பச்சடி தயாராகியிருக்கும். அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாள் என்பதால் தெருவெல்லாம் நீலக்கொடி பறக்கும். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு இதே தேதியில் இன்னொரு கடமையும் உண்டு. பைக்குலாவில் இருக்கும் மும்பை தீயணைப்புத் தலைமையகத்தின் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் போய் நின்று வணக்கம் செலுத்தும் கடமை அது.

1944-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பல் கராச்சி வழியாக வந்து மும்பைத் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் நின்றிருந்தது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும், தங்கக் கட்டிகளும், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் இருந்தன. ஏப்ரல் 14 அன்று பிற்பகல் பஞ்சில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதியில் பிடித்த தீ வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று போகும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அடிப்பகுதிக்குச் சேராது. தீயணைப்பு வீரர்கள் கப்பலின் மேல்தளத்திலும் கரையிலும் நின்று குழாய் குழாயாகத் தண்ணீரை இறைத்தார்கள். மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் வெடித்தது. அன்று இறந்தவர்களின் கணக்கு 800 என்பாரும் உண்டு, 1,300 என்பாரும் உண்டு. அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அந்த நாளைத்தான் நாடு முழுவதும் தீயணைப்பு சேவை தினமாகக் கடைப்பிடிக்கிறோம். இன்று தொடங்கி 20-ஆம் தேதி வரை தீயணைப்பு வாரம்.

நம் காலத்திலும் அப்படிப் போனவர்கள் உண்டு. 2015 மே 9 அன்று கால்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடம் எரிந்து, தீயை அணைத்துக்கொண்டிருந்தபோதே சரிந்தது. நான்கு அதிகாரிகளை இழந்தோம். சஞ்சய் ராணே, மகேந்திர தேசாய் இருவரும் இடிபாட்டிலேயே போனார்கள். துணைத் தலைமை அதிகாரி சுதீர் அமீனும், தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நேசரிகரும் தீக்காயத்தோடு போராடிச் சில நாட்களில் இறந்தார்கள். ஒரு துறையின் தலைவரே எரியும் கட்டடத்தருகே நின்று உயிரைக் கொடுத்தார். வாழும் நாள்வரை எனக்கு மறக்காது.

இவ்வளவும் சொல்வது உங்களிடம் ஒன்று கேட்கத்தான். உங்கள் கட்டடத்தின் மாடிப்படியைக் காலியாக வையுங்கள்.

இது சின்ன விஷயமில்லையா என்று தோன்றலாம். காரணத்தைச் சொல்கிறேன். புகைக்குள் நுழையும் வீரர் முதுகில் ஒரு சிலிண்டரை மாட்டிக்கொண்டு போகிறார். அதில் ஆக்சிஜன் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறோம். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அது முக்கால் மணி நேரத்துக்கு மேலும் வரலாம். கனமான உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டு, தண்ணீர் அடிக்கும் ஹோஸ் குழாயைத் தோளில் இழுத்துக்கொண்டு எட்டு மாடி ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும், காற்று வேகமாகக் கரையும். அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. அழுத்தம் குறைந்ததும் சிலிண்டரோடு இணைந்த விசில் ஊதத் தொடங்கும். அது கேட்டால் வெளியேற வேண்டும். உள்ளே யார் கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் திரும்பத்தான் வேண்டும், அடுத்த அணி உள்ளே போகும்.

இப்போது அந்தப் படியில் ஒரு செருப்பு அலமாரி, ஒரு பழைய வாஷிங் மெஷின், குழந்தையின் சைக்கிள், தீபாவளிக்கு எடுத்த அட்டைப்பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புகையில் ஒரு முழத் தூரம்கூடத் தெரியாது. கையால் தடவித் தடவித்தான் ஏறுவோம். ஒவ்வொரு சாமானையும் தடவி, நகர்த்தி, தாண்டிப் போகும் நேரமெல்லாம் அந்தச் சிலிண்டரிலிருந்துதான் கழிகிறது. மேல்மாடியில் ஒரு தாயும் பிள்ளையும் சுவாசிக்க வேண்டிய நிமிடங்கள் கீழ்மாடியின் செருப்பு அலமாரியிடம் செலவாகின்றன. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

நெருப்பைவிடப் புகைக்குத்தான் அதிகம் பேர் பலியாகிறார்கள். ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக், வயர் உறை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வேறு பல நச்சு வாயுக்களும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடர்ந்திருந்தால் நாலைந்து மூச்சில் தலை சுற்றி, கால் தளர்ந்து விழுந்துவிடுவார்கள். 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்ததும் கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கியவர்கள் மூச்சுத் திணறி அங்கேயே இறந்தார்கள்.

புகை மேலே போக வழி தேடும். மாடிப்படியும், மின்வயர் போகும் டக்டும் அதற்குப் புகைபோக்கிதான். அதிலும் நம் ஊர்க் கட்டடங்களில் ஒரு பெரிய கோளாறு, மீட்டர் பெட்டிகளைப் படிக்குக் கீழேயே வைப்பது. வெளியே போக இருக்கும் ஒரே வழியின் அடியில் நெருப்பு பிடிக்கக்கூடிய பொருளை நாமே வைத்துவிட்டோம். அதன் பக்கத்தில் பைக்குகள், பேரம் பேசி விற்கக் காத்திருக்கும் பழைய துணி, அட்டை. 2023 அக்டோபர் 6 விடியலுக்கு முன் கோரேகாவின் ஜெய் பவானி கட்டடத்தில் நடந்தது இதற்கு நெருங்கிய கதைதான். குடிசைப்பகுதிச் சீரமைப்பில் கட்டிய கட்டடம் அது. தரைத்தளத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளும் அங்கே கிடந்த பொருட்களும் எரிந்து, புகை மேலே ஏறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. குறைந்தது 7 பேர் போனார்கள். நம் மக்கள் எத்தனை பேர் இன்று எஸ்.ஆர்.ஏ. என்கிற இந்தச் சீரமைப்புக் கட்டடங்களில் இருக்கிறார்கள்! வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கீழே இறங்கி, மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது, அதன் அருகே என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

சரி, படியில் புகை வந்துவிட்டால் என்ன செய்வது? நிறைய பேர் செய்யும் தவறு, கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் படியில் ஓடுவது. படியில் புகை அடர்ந்திருந்தால் இறங்காதீர்கள், ஏறவும் ஏறாதீர்கள். லிஃப்ட்டைத் தொடவே வேண்டாம். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஈரத்துண்டை அதன் அடியில் அடைத்துவிட்டு, சன்னல் பக்கம் வந்து துணியை ஆட்டிக் காட்டுங்கள். மூக்கில் ஈரத்துணி வைத்தால் கரியும் தூசும் குறையும். நச்சு வாயுவை அது நிறுத்தாது, ஆனாலும் சில நிமிடங்கள் கிடைக்கும். 2018 ஆகஸ்டில் பரேலின் கிரிஸ்டல் டவர் எரிந்தபோது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் படித்ததை நினைவில் வைத்து, துணியைக் கிழித்து நனைத்து மூக்கில் வைக்கும்படி பெரியவர்களுக்குச் சொல்லி வழிகாட்டினாள். தேசிய வீரச் சிறுவர் விருதும் பெற்றாள். உங்கள் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவையுங்கள், கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

சன்னல் என்றதும் கிரில் நினைவுக்கு வருகிறது. திருடனுக்குப் பயந்து நாம் பெட்டி மாதிரி இரும்புக் கிரில் போட்டு முழுதாகப் பூட்டிவிடுகிறோம். உள்ளே ஆள் நிற்கிறார், வெளியே எங்கள் ஏணி வந்துவிட்டது, நடுவில் கம்பி. அதை அறுத்துத்தான் ஆளை எடுக்க வேண்டும். ஒரே ஒரு பகுதியாவது உள்ளிருந்து திறக்கும்படி வைக்கச் சொல்லி வெல்டரிடம் சொல்லுங்கள். பெரிய செலவில்லை.

ஏணி வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பக்கவாட்டில் நான்கு கால்களை விரித்து ஊன்றினால்தான் ஏணி மேலே எழும். சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) வளாகத்தில் வண்டிகளை நெருக்கி நிறுத்தினால் கால் ஊன்ற இடமிருக்காது. அவ்வளவு பெரிய வண்டி வாசலில் நின்றும் பயன்படாமல் போகும். பார்க்கிங் இடத்துக்காகப் பொதுக்கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதாடுகிறோம். தீயணைப்பு பம்ப் ஓடுகிறதா என்று கேட்பவர் எத்தனை பேர்? மகாராஷ்டிராவின் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டடத்தில் பொருத்திய தீயணைப்பு ஏற்பாடுகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூலம் ஜனவரியிலும் ஜூலையிலும் 'பி படிவம்' கொடுத்தாக வேண்டும். உங்கள் சொசைட்டி கொடுத்ததா என்று செக்ரெட்டரியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

தாராவியின் சந்துகளில் இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே பெரிய வண்டி நுழையாது. பிரதான சாலையில் வண்டியை நிறுத்தி, ஹோஸுடன் ஹோஸைச் சேர்த்துக்கொண்டே ஓடுவோம். மாடிக்குச் செங்குத்தான இரும்பு ஏணிதான் வழி. கீழே தோல் பட்டறை, பசையும் தின்னரும், மேலே வேலை பார்க்கும் பையன்கள் இரவில் படுக்கை. அந்த மேல் அறைக்குச் சாலைப் பக்கம் ஒரு சன்னலாவது திறக்கும்படி முதலாளிகள் வைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமையல் வாயுவிலும் கவனம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படியும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றிவிடும். பூட்டிய வீட்டில் கசிந்திருந்தால் ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும் பொறியே போதும். நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் அணைக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கடைசியாக, 101-க்குப் போன் செய்வது எப்படி என்று. "தீ, தீ" என்று கத்திவிட்டு வைத்துவிடாதீர்கள். கட்டடத்தின் பெயர், எந்த விங், எந்த மாடி, அருகில் தெரிந்த கோயிலோ பஸ் ஸ்டாப்போ, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன எரிகிறது, இவற்றைச் சொல்லுங்கள். பின்பு ஒருவரைச் சந்து முனையில் நிறுத்துங்கள். சயான் கோலிவாடா பக்கம் ஒரு சாலில், அதாவது வரிசை வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பில், தீப்பிடித்தபோது, எங்கள் வண்டி திரும்பும் முன்பே ஒரு ஆச்சி டார்ச் லைட்டோடு முனையில் நின்று, "இந்தப் பக்கம் வாங்கய்யா, படி காலியாத்தான் இருக்கு, மூணாவது வீட்டுல கிழவர் ஒருத்தர் இருக்கார்" என்று சொன்னார். நாங்கள் எங்கும் தேடவில்லை. நேரே போனோம், அந்தப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

நன்றி, வணக்கம்.