மீன் பெட்டியில் வெண்டை, பழைய பக்கெட்டில் உரம்

வணக்கம் மக்களே. மாடிக்கு வந்துவிட்டேன். மணி ஏழுதான் ஆகிறது, பெரம்பூரில் அதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. போனைத் தண்ணீர் டேங்க் ஓரம் சாய்த்து வைத்திருக்கிறேன், நடுவில் விழுந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

என் மாடித் தோட்டத்தைக் காட்டிய போன வீடியோவுக்கு அப்புறம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, இவ்வளவு செடிக்கு மொத்தம் என்ன செலவு?" தொட்டிகள் எல்லாம் மற்றவர்கள் தூக்கிப் போட்டவை, அவற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. செம்மண் இரண்டு மூட்டை, அஞ்சு கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று, வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம். எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய்க்குள். ஆனால் ஓசி மண்ணை நம்பி ஒரு ஆடிப்பட்டத்தையே கோட்டை விட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டினார்கள். வாசலில் செக்கச்செவேல் என்று மண் குவியல். "எடுத்துட்டுப் போங்கம்மா, எங்களுக்கு லாரி வாடகை மிச்சம்" என்றார் மேஸ்திரி. நான் விடுவேனா? எட்டு சாக்கு சுமந்தேன். இரண்டு மாடி. மூன்று நாள் முதுகு நிமிரவில்லை.

வெண்டை முளைத்தது. நான்கு இலை விட்டது. அப்புறம் புதிதாக வந்த இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை, நடுவில் வெளிறிப்போய், வலை போட்ட மாதிரி. சத்து பற்றவில்லை போல என்று உரத்தைக் கொட்டினேன், இன்னும் மோசம். கடைசியில் ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா மண்ணைக் கையில் எடுத்துப் பொடித்துப் பார்த்தார். "இதுல சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்திருக்கும்மா, செடி எங்க திங்கும்?" என்றார். காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலைதான் முதலில் மஞ்சளாகும். நாம் எவ்வளவு உரம் போட்டாலும் வீண்.

இப்போது எங்கே மண் கிடைத்தாலும் ஒரு சோதனை செய்கிறேன். இதோ பாருங்கள், ஒரு ஸ்பூன் மண். இதில் வினிகர் விடுகிறேன். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தொடாதீர்கள். இது சும்மா இருக்கிறது, நல்ல மண். அந்த எட்டு சாக்கையும் திரும்பக் கீழே இறக்கியதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். இந்த வெள்ளைப் பெட்டிகள் எல்லாம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகள். மூடி உடைந்துவிட்டால் ஓரமாக எறிந்துவிடுவார்கள். வாராவாரம் மீன் வாங்கும் அக்காவிடம் சொல்லி வைத்தேன், இரண்டு மூன்று எடுத்து வைப்பார். எடை இல்லை. அதோடு அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தரை அடுப்பு மாதிரி கொதிக்கும்போது, பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெந்துபோகும். தெர்மாகோல் உள்ளே சூடு ஏற விடாது. என் வெண்டை மே மாதத்தைத் தாண்டியது இதனால்தான்.

ஓட்டையை அடியில் போடாதீர்கள், பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு இன்ச் மேலே போடுங்கள். அடியில் போட்டால் தரையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகிவிடும். ஸ்க்ரூடிரைவரைச் சூடாக்கிக் குத்தவும் வேண்டாம். தெர்மாகோல் உருகும் புகை நல்லதல்ல. சும்மா குத்தினாலே இறங்கிவிடும். பெட்டிக்குக் கீழே இரண்டு செங்கல். தரை காய்ந்தே இருக்கும், வீட்டு ஓனரும் வாய் திறக்க மாட்டார்.

இதில் குறையும் உண்டு. வெயில் நேராகப் பட்டால் வெளிப்பக்கம் பொரிந்து மணி மணியாக உதிரும், அது மழைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். அதனால்தான் சுற்றிப் பழைய கோணிச் சாக்கு கட்டியிருக்கிறேன். இன்னொன்று, பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைக்காமல் மண் போட்டுவிடாதீர்கள். நான் அவசரப்பட்டேன். தெருப் பூனை ராத்திரி வந்து மொத்த நாற்றையும் தோண்டிவிட்டது. மீனைத் தேடியிருக்கிறது பாவம்.

செடிகளுக்குக் கீழே விரித்திருப்பது பழைய ஃப்ளெக்ஸ் பேனர். மூஞ்சி கீழ்ப்பக்கம் இருக்கிறது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். தரைக்கு மட்டும்தான் அது, அதிலேயே பை தைத்துக் கீரை போட மாட்டேன். பூச்சிமருந்து கேன், ஆயில் டின்னும் அப்படித்தான். என்ன கழுவினாலும் சாப்பிடும் செடிக்கு வேண்டாம். பெயின்ட் பக்கெட்டில்கூட நான் பூச்செடிதான் வைக்கிறேன். மண் போட்டு நனைத்தால் ஒரு 20 லிட்டர் பக்கெட் 30 கிலோவரை கனக்கும், ஆகவே அதை நடு மாடியில் வைக்காமல் கீழே சுவர் வரும் ஓரமாகவே வைத்திருக்கிறேன்.

உரத்துக்கு ஒரு பழைய பக்கெட். சுற்றிலும் ஓட்டை, அடியில் தேங்காய் நார். ஒரு கை காய்கறித் தோல் போட்டால் இரண்டு கை காய்ந்த இலை. தெருவில் வேப்பமும் புங்கமும் கொட்டுகிறது, கூட்டுகிற அம்மாவிடம் சொன்னால் ஒரு மூட்டையாகக் கட்டியே கொடுப்பார். புளித்த மோர் கொஞ்சம் தெளித்துவிட்டால் போதும். நாற்றம் வருகிறதா? ஈரம் அதிகம். இன்னும் காய்ந்த இலை போட்டுக் கிளறுங்கள்.

இப்போது திறக்கப் போகிறேன், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள். தெரிகிறதா? சாம்பல் நிறத்தில், தட்டையாக, அரிசியைவிடப் பெரிதாக நெளிகிறதே, அது சாதாரண ஈப்புழு இல்லை. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்று ஒரு ஈ, அதன் புழு. கடிக்காது. வளர்ந்த ஈயும் வீட்டுச் சாப்பாட்டில் வந்து உட்காராது. என்னைவிட வேகமாக இதுதான் உரம் செய்கிறது. முதல் தடவை பார்த்தபோது பக்கெட்டோடு தூக்கிப் போடப் போனேன். கீழே பாருங்கள், கறுப்பாகப் பொலபொலவென்று, மழை மண் வாசனை. இரண்டு மாதம் ஆனது. செம்மண், இந்த உரம், கோகோபீட், மூன்றும் சம பங்கு. கோகோபீட்டை மட்டும் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

அப்புறம் மூடாக்கு, அதாவது செடி அடியில் மண்ணை மூடுகிற மாதிரி சக்கை, இலை பரப்புவது. இங்கே ஒரு வம்பை நானே கூப்பிட்டு வந்தேன். ஜூஸ் கடையில் கரும்புச் சக்கை மலை போல் கிடந்தது. ஒரு பை வாங்கி வந்து அப்படியே கத்தரிச் செடி அடியில் பரப்பினேன். இனிப்புக்கு எறும்பு வந்தது. எறும்பு வந்தால் என்ன என்று விட்டேன். பத்து நாளில் தண்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு, மாவுப்பூச்சி. அந்தப் பூச்சி விடும் தேனைக் குடிக்க எறும்பு அதற்குக் காவல் இருக்கும், செடி செடியாகத் தூக்கிக்கொண்டும் போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு, சாயங்காலத்தில் இலைக்கு அடியிலும் படும்படி அடித்தேன், நான்கு தடவை. இப்போது சக்கையைத் தண்ணீரில் அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துத்தான் போடுகிறேன். எறும்பு திரும்பிப் பார்ப்பதில்லை.

தண்ணீரா? ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடிக்கிறேன், அரிசி கழுவியதை ஊற்றுகிறேன். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு அதிகம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

விதை அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. கொத்தமல்லியைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். வெந்தயம் அப்படியே. புதினா, பொன்னாங்கண்ணி வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை நட்டுவிடுங்கள். கடைத் தக்காளி விதை முளைக்கும், ஆனால் பெரும்பாலும் ஹைப்ரிட் (கலப்பின ரகம்), அதே மாதிரி காய்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதோ, இது ரசத்துக்கு வைத்திருந்த மிளகாய் வற்றலில் உதிர்ந்த விதை. நேற்று ராத்திரி ஊறப் போட்டேன். இருபது போடுகிறேன், முட்டை அட்டையில், குழிக்கு ஒன்று. எத்தனை முளைக்கிறது என்று அடுத்த வாரம் எண்ணிக் காட்டுகிறேன். கீழே குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது, நான் ஓடுகிறேன்.