கோபம் ரிங்கோடு நிற்கட்டும்

அனைவருக்கும் வணக்கம். இங்கே இருப்பவர்களில் பலர் கதை எழுதி நடத்தும் அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியான டபிள்யூடபிள்யூஇ பற்றித் தமிழில் வீடியோ போடுகிறவர்கள். உங்கள் வாரம் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதன் வாராந்திர நிகழ்ச்சிகளில் செவ்வாய் காலை ரா, மறுநாள் என்எக்ஸ்டி, சனிக்கிழமை விடிந்தால் ஸ்மாக்டவுன். மற்ற விளையாட்டுகளில் ஒரு தொடர் முடிந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். இதற்கு வருஷம் முழுக்க லீவே கிடையாது. எல்லாவற்றையும் பார்த்து அன்றைக்கே பேசிவிட வேண்டும் என்று இறங்கினால், எவ்வளவு ஆசை இருந்தாலும் உடம்பு தாங்காது. ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை ரசிகராக மட்டும் பாருங்கள்.

அதைவிடப் பெரிய சோர்வு திட்டித் திட்டி வருவது. ‘கதையையே கெடுத்துட்டாங்க’ என்று தம்ப்நெயில் வைத்தால் கூட்டம் சேர்கிறது. அடுத்த வாரம் அதே கூட்டத்தைப் பிடிக்க இன்னும் சத்தமாகத் திட்ட வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளில், சின்ன வயசிலிருந்து பிடித்த நிகழ்ச்சியைப் பார்க்க உட்காரும்போதே குறை தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

ரசிகர்களின் கோபம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக ரிங்குக்குள் வரும் 2014 ராயல் ரம்பிள் போட்டியில், ரசிகர்களின் செல்லப்பிள்ளையான டேனியல் பிரையன் வருவார் என்று அரங்கமே காத்திருந்தது. கடைசியாக, முப்பதாவது ஆளாக வந்தவர் முகமூடி வீரர் ரே மிஸ்டீரியோ. மற்ற நாளில் அந்த முகமூடியைப் பார்த்தாலே ஆர்ப்பரிக்கும் கூட்டம், அன்றைக்கு அவரைப் பார்த்துக் கூச்சலிட்டு எதிர்த்தது. பிரையனைச் சேர்க்காதது மிஸ்டீரியோ எடுத்த முடிவா? அதே ஆண்டு ஏப்ரலில், அவர்களுடைய பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா 30இல் பிரையன் பட்டம் வென்றார், ரசிகர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் ரம்பிள் நடந்த அன்று இரவு வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டவர் மிஸ்டீரியோ.

ஜப்பானிய மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுராவை நினைத்துப் பாருங்கள். வாஷிங் மெஷினில் இருந்த தன் ரிங் உடை சுருங்கிப்போனதற்காக ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் உடன் இருந்தவரிடம் கோபப்பட்டார். அந்தக் காட்சி வெளியானதும் இணையத்தில் வசைகள் குவிந்தன. 2020 மே மாதம், 22 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு 2022இல் ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தைக் கடுமையாக்கியது. அவர் திரும்பி வரப் போவதில்லை.

அதனால் கதை பிடிக்கவில்லை என்றால் கதையைத் திட்டுங்கள், ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததை நடித்தவரின் உடம்பையும் குடும்பத்தையும் இழுக்காதீர்கள். கமெண்டில் யாராவது இழுத்தால் யோசிக்காமல் நீக்குங்கள். நிகழ்ச்சி முடிந்த சூட்டோடு லைவ் போகாமல், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பேசுங்கள். வியூஸ் குறையத்தான் செய்யும். குறையட்டும்.

அப்புறம், ஒரு மேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லன் எதிராளியின் இடது முழங்காலையே குறிவைத்து அடிக்கிறார். பத்து நிமிஷம் கழித்து ஹீரோ அவரைத் தோளில் தூக்கும்போது அந்தக் கால் மடங்குகிறது. அதை எப்படிக் கட்டினார்கள் என்று அடுத்த வீடியோவில் பேசுங்கள். நான் பார்க்கிறேன்.