விண்டோஸ் 11 போட்டால் போட்டோ எல்லாம் போய்விடுமா?

அடுத்த கேள்வி, பெங்களூரு விவேக் நகரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்: "அக்கா, அப்பாவுடைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. 11 போடலாம் என்று கடைக்குக் கொண்டு போனேன். ஃபார்மட் அடித்துத்தான் போட முடியும், சி டிரைவில் இருப்பது எல்லாம் போய்விடும் என்கிறார்கள். நீங்கள் உங்களுடையதை மாற்றிவிட்டதாகச் சொன்னீர்களே, எதுவும் போனதா? எவ்வளவு நேரம் ஆனது?"

எனக்கு ஒன்றும் போகவில்லை தம்பி. கடையில் சொன்னது பொய்யும் இல்லை. அவர்கள் சொல்வது ஃபார்மட். நீங்கள் கேட்பது அப்டேட். இரண்டும் வேறு. ஃபார்மட் என்றால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அப்டேட் என்றால் இருக்கும் விண்டோஸ் 10-இன் மேலேயே 11 ஏறும். போட்டோ, ஃபைல், போட்டு வைத்த சாஃப்ட்வேர் எல்லாம் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10 ஒழுங்காக ஆக்டிவேட் ஆகியிருந்தால் காசும் கிடையாது. கடைக்காரருக்கு ஃபார்மட் சுலபம். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடலாம், பழைய குப்பையால் ஏதாவது தகராறு என்று வாடிக்கையாளர் திரும்பி வரவும் மாட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. "முக்கியமானது எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, சி போனால் போகட்டும்" என்று பலர் சொல்வார்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைப்பதும், டாக்குமென்ட்ஸில் போட்டு வைப்பதும் சி டிரைவில்தான் இருக்கின்றன. ஃபார்மட் அடிக்க ஒப்புக்கொள்வதற்கு முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. அல்சூரில் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கிறேன், அவ்வளவுதான். 2019-இல் எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்காகக் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. பேங்க் வேலையும் அதிலேயே பார்ப்பதால் எனக்குப் பயம்.

மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கம்ப்யூட்டர் தகுதி இல்லை, டிபிஎம் 2.0 இல்லை என்றது. டிபிஎம் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்பு வசதி. ஒரு கடையில் விசாரித்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். பல ஆயிரம் ரூபாய். இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் என் அக்கா பையன் வீட்டுக்கு வந்தவன், "சித்தி, இது உள்ளேயே இருக்கும், ஆஃப் ஆகியிருக்கும்" என்றான். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் வரும், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரை. அதில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் செய்து சேவ் கொடுத்தான். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. மறுபடி பார்த்தால் தகுதி உண்டு என்கிறது! அசெம்பிள் செய்த பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யாரும் இதைப் பார்க்காமல் மதர்போர்டு வாங்கப் போகாதீர்கள்.

லேப்டாப் என்றால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு ஆன் செய்த லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பார்கள். பயாஸில் எதையாவது மாற்றினால் நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். எந்த ஈமெயில், என்ன பாஸ்வேர்டு என்றே மறந்துபோன நிலையில் அந்தத் திரை வந்தால் அழுகைதான் வரும். முதலில் அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கை வையுங்கள்.

நான் பத்திரிகை ஃபைல் எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். பகலில் வேலை கெடும். மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள், நம் ஊரில் நான்கு தூறல் விழுந்தாலே கரண்ட் போகிறது. என்னிடம் யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். அதனால் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். டவுன்லோடுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு திரையில் சதவீதம் ஓடும், பலமுறை ரீஸ்டார்ட் ஆகும். எனக்கு ஒரு இடத்தில் அறுபதைத் தாண்டி நின்றதே நின்றது. இருபது நிமிடம் அசையவில்லை. கை துறுதுறு என்றது. அணைத்துவிடலாமா என்று போய்ப் போய் வந்தேன். அணைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பன்னிரண்டேகாலுக்கு முடிந்தது. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் முடியும்.

காலையில் முதல் வேலையாகப் பழைய பாமினி ஃபான்ட்டில் அடித்த பத்திரிகைகளைத் திறந்து பார்த்தேன். எழுத்து ஒன்றும் சிதறவில்லை. தமிழ் 99 கீபோர்டும் இருந்தது. பிரிண்டர்தான் முரண்டு பிடித்தது, அதற்கான டிரைவர் சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்ட பிறகு சரியானது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது, டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளிவிட்டேன். ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது, மீதிக்கு இன்னொரு கிளிக். அது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய் விண்டோஸ் 10-க்குத் திரும்பிவிடலாம். அதுவரை சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு பெரிய ஃபோல்டர் கிடக்கும். இடத்தை அடைக்கிறதே என்று அதை அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை.

தம்பி, அப்பாவுடைய கம்ப்யூட்டர் எந்த வருடம் வாங்கியது என்று எழுதவில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போனால் ப்ராசஸர் பெயர் இருக்கும். இன்டெல்லில் ஐ5-8400 மாதிரி, கோட்டுக்குப் பிறகு 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. அதுவும் அதற்குப் பின் வந்தவையும் பெரும்பாலும் ஏற்கும். 6, 7 என்று இருந்தால் முறையாக 11 ஏறாது. வேறு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு, அப்பாவுடைய கம்ப்யூட்டரில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். அவருக்கு 10-க்கே கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சைன் இன் செய்து, செட்டிங்ஸை பேக்கப் எடுக்க அனுமதித்தால் பணம் கேட்பதில்லை. 2026 அக்டோபர் 13 வரை வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான லிங்க் தெரியும்.