மேடு பெற்ற ஊர்

(நண்பர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பயணக்கதை பேசக் கூப்பிட்டால் இவர் கணக்கோடு ஆரம்பிக்கிறாரே என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு எண்தான், 1.85. நூறு அடி தூரம் போவதற்குள் 1.85 அடி ஏற்றம். நடந்து போகிறவருக்கு அது மேடு என்றே தெரியாது. சைக்கிளில் போனால் லேசாக மூச்சு வாங்கும். ஆனால் ஆயிரக்கணக்கான டன் சுமையோடு இரும்பின் மேல் இரும்பு உருண்டு போகிற சரக்கு ரயிலுக்கு அது பெரிய மலை. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், அல்டூனா என்று ஓர் ஊர் இருப்பதற்கே இந்த மேடுதான் காரணம்.

வழக்கமாக ஊர் முதலில் இருக்கும், ரயில் அப்புறம் வரும். அல்டூனாவில் தலைகீழ். 1849-இல் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி அலெகெனி மலையடிவாரத்தில் நிலம் வாங்கிப் பணிமனை போட்டது. ஏறப் போகிற எஞ்சினைச் சரிபார்க்க வேண்டும், துணைக்கு இன்னொன்றை மாட்ட வேண்டும், இறங்கி வந்ததைப் பழுதுபார்க்க வேண்டும். அதற்குக் கொல்லரும் தச்சரும் கொதிகலன் செய்கிறவரும் வந்தார்கள். அவர்களுக்கு வீடு வேண்டுமே? அப்படித்தான் தெருக்கள் வந்தன.

அதற்கு முன்னால் இந்த மலையைக் கடந்த விதம் இன்னும் வேடிக்கை. 1834 முதல் இங்கே ஒரு ‘போர்ட்டேஜ்’ ரயில்பாதை இருந்தது, 36 மைல் நீளம். கால்வாயில் வந்த படகை அப்படியே வண்டியில் ஏற்றி, மலைமேல் இழுத்து, அந்தப் பக்கம் இறக்கி, மறுபடி தண்ணீரில் விட்டார்கள்! பத்து இடங்களில் செங்குத்தான சரிவு. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீராவி எஞ்சின், கிணற்றில் வாளி இழுப்பதுபோலக் கயிறு போட்டு இழுக்கும். முதலில் சணல் கயிறு. அது தேய்ந்து அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பிறகு ஜான் ரோப்ளிங் என்ற பொறியாளர் கம்பி வடம் கொண்டுவந்தார். பின்னாளில் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ரோப்ளிங்தான்.

படகு சவாரிக்கு முடிவு கட்டியது ஒரு வளைவு. ஹார்ஸ்ஷூ கர்வ், அதாவது குதிரை லாடம். நேரே ஏற முடியாத மலையில் தலைமைப் பொறியாளர் ஜான் எட்கர் தாம்சன் பாதையை வளைத்தார். இரண்டு ஓடைப் பள்ளங்களை மண் போட்டு மேடாக்கி, நடுவில் நீட்டிக்கொண்டிருந்த மலை மூக்கை வெட்டி, அந்தப் பக்கம் திருப்பினார். தூரம் கூடினால் ஏற்றம் குறையும், அவ்வளவுதான் சூத்திரம். வெட்டியவர்கள் சுமார் 450 பேர், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள். கையில் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். 1854 பிப்ரவரி 15-இல் பாதை திறந்தது. நான்கு நாள் ஆன பிலடெல்பியா - பிட்ஸ்பர்க் பயணம் ஏறக்குறைய 15 மணி நேரமாகச் சுருங்கியது. தாம்சன் பெயர் கல்வெட்டுகளில் இருக்கிறது. மண் சுமந்தவர்கள் பெயரைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

நான் போன அன்று நல்ல குளிர். கீழேயிருந்து மேலே போகச் சின்ன இழுவை ரயில் உண்டு, இல்லாவிட்டால் 194 படிகள். படியில் ஏறுகிறேன் என்று வீம்பு பிடித்தேன், முழங்கால் அதை மறுநாள் வரை ஞாபகம் வைத்திருந்தது. மேலே பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் காதுதான் வேலை செய்கிறது. தூரத்தில் ஓர் உறுமல். ரயிலைக் காணோம். உறுமல் வலப்பக்கம் போகிறது, இடப்பக்கம் வருகிறது. அப்புறம் மரங்களுக்கு நடுவே எஞ்சின் முகம். கண்முன்னே வளைந்து எதிர்ப்பக்கச் சரிவில் அது ஏறும்போது, இந்தப் பக்கம் இன்னும் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே ரயிலின் தலை ஒரு திசையில் போகிறது, வால் எதிர்த் திசையில் போகிறது. சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசும் கீச்சொலி பல்லைக் கூச வைக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்த வளைவின் அருமை எதிரிக்கும் தெரிந்திருந்தது. 1942-இல் ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பலில் எட்டு நாசகாரர்களை அமெரிக்கக் கரையில் இறக்கியது. அவர்கள் தகர்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. அவர்களில் ஒருவரே போய்ச் சொல்லிவிட்டதால் திட்டம் பாழானது.

ஊருக்குள் ரயில்வேக்காரர்கள் அருங்காட்சியகம் இருக்கிறது, 1882-இல் கட்டிய பழைய அலுவலகக் கட்டடத்தில். பெயரைக் கவனியுங்கள், ரயில்களின் அருங்காட்சியகம் அல்ல, ரயில்வேக்காரர்களுடையது. எனக்கு அங்கே பிடித்த ஆள் எஞ்சின் ஓட்டியவர் இல்லை, ஒரு வேதியியலாளர். சார்லஸ் டட்லி. 1875-இல் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி வாங்குகிற எண்ணெய், பெயின்ட், எஃகு என எதையும் சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார். கடினமான எஃகைவிட மிதமான எஃகில் செய்த தண்டவாளம்தான் அதிக நாள் உழைக்கிறது என்று 1878-இல் அறிக்கை கொடுத்தார். எஃகு முதலாளிகளுக்கு வந்ததே கோபம்! வாங்குகிறவன் எங்களுக்குப் பாடம் எடுப்பதா என்றார்கள். கடைசியில் வாங்குபவரும் விற்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தரம் நிர்ணயிக்கும் முறைக்கு அவர்தான் முன்னோடி. பொருட்களுக்குத் தர அளவுகோல் வகுக்கும் ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பின் முதல் தலைவரும் அவரே. இங்கே இருக்கிற பொறியாளர்கள் சிரிப்பது தெரிகிறது. ஆமாம், அந்த ஏஎஸ்டிஎம்தான்.

1361 என்ற நீராவி எஞ்சினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1918-இல் இதே ஊரில் செய்தது. 1957 முதல் 1985 வரை வளைவின் நடுவே வெயிலிலும் பனியிலும் காட்சிப் பொருளாக நின்றது. 1987-இல் உயிர் கொடுத்து ஓட்டினார்கள், மறு வருடமே பழுதாகி நின்றது. 1996-இல் கழற்றிப் போட்டார்கள். அதைத் திரும்பக் கோர்க்கும் கதை பல பத்தாண்டுகள் நீண்டது.

அந்த எஞ்சின் கதைதான் ஊரின் கதையும். நீராவி எஞ்சினுக்குக் கைவேலை ஓயாது. சாம்பல் அள்ளணும், குழாய் மாற்றணும், கொதிகலன் கழுவணும். டீசல் வந்ததும் அத்தனை கைகள் வேண்டியிருக்கவில்லை. 1930-இல் 82,054 பேர் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 43,963 பேர். பெரிய தெருவில் அகலமான கட்டடங்கள், நடமாட்டம் குறைவு. பேஸ்பால் அணிக்கு இன்றும் ‘கர்வ்’ என்றே பெயர்.

ஆனால் மேடு அப்படியேதான் இருக்கிறது. டீசலானாலும் கனமான ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும். அந்தத் துணை எஞ்சினை ‘ஹெல்பர்’ என்பார்கள். சாயங்காலம் வளைவிலிருந்து நான் கிளம்பும் நேரம், நீளமான ஒரு ரயிலின் கடைசியில் இரண்டு எஞ்சின்கள் முக்கிக்கொண்டு மேலே போயின. இடத்தை மூடப் போகிறார்கள், ஆனாலும் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டு எஞ்சின்கள், பின்னால் ஒரு பெட்டிகூட இல்லாமல், விளக்கு போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தன, அடுத்த ரயிலைத் தள்ள.