குளமும் வேணும், துருசும் வேணும்

(பட்டிமன்றத் தலைப்பு: விசுவாசிகளுக்குள் அன்பு நிலைப்பது பெரிதும் இளகிய மனத்தாலா, ஒழுங்கான ஏற்பாட்டாலா? வன்னிப் பங்கொன்றின் திருவிழா முற்றத்தில், "ஏற்பாட்டாலேயே" என்ற அணிக்கான உரை.)

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கதிரை கிடைச்சும் கிடையாமலும் இருக்கிற சனமே, வணக்கம்.

"அன்பு ஊற்று மாதிரி, கணக்கு வைச்சால் வத்திப்போகும்" என்று எதிரணித் தலைவி சொன்னா. கைதட்டல் நல்லாய் விழுந்தது. அக்கா, வன்னியில் ஊற்றை நம்பி ஆர் வயல் விதைச்சது? குளம் கட்டி, தண்ணியை அளந்து திறந்துவிடத் துருசு வைச்சு, விதைப்புக்கு முதல் கூட்டம் கூடி, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணி என்று எழுதின பிறகுதானே விதைநெல்லை ஊறப் போடுறம்.

"இவர்கள் ஒருவரையொருவர் எப்படி நேசிக்கிறார்கள் பாருங்கள்" என்று அந்தக் காலத்து வேற்று மதத்தார் வியந்ததையும் சொன்னா. அதை எழுதிவைச்சவர் வட ஆபிரிக்காவில் கார்த்தேச் நகரத்துத் தெர்த்துல்லியன், கிட்டத்தட்ட 197ஆம் ஆண்டில். அந்த வசனத்துக்குக் கொஞ்சம் மேலே அவர் என்ன எழுதியிருக்கிறார்? சபையில் ஒரு பொதுப் பெட்டி. மாதத்தில் ஒரு நாள், வசதியும் விருப்பமும் உள்ளவர் சிறு தொகை போடுறது. ஏழைக்குச் சாப்பாடு, ஏழையின் அடக்கம், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், கப்பல் உடைஞ்சு தவிச்சவர்கள் என்று செலவின் விபரமும் இருக்கு. பெட்டிக்குப் பிறகுதான் பாராட்டு வருது. எதிரணி பாராட்டை மட்டும் கிழிச்சுக்கொண்டு வந்திட்டினம்.

இன்னும் பின்னுக்குப் போவம். திருத்தூதர் பணிகள், 6ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் இளகிய மனம் குறைவாயா இருந்தது? காணியை வித்துக் கொண்டுவந்து வைச்ச சனம். அப்படியிருந்தும் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசின கைம்பெண்கள் விடுபட்டுப் போச்சினம். திருத்தூதர்கள் "இன்னும் அன்பு செய்யுங்கோ" என்று பிரசங்கம் வைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிவு செய்விச்சினம். ஏழு பேருடையதும் கிரேக்கப் பெயர். முறைப்பட்ட பக்கத்துக் கையிலேயே பந்தியைக் குடுத்திட்டினம் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். எங்கடை பங்குகளில் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறின குடும்பங்கள் எத்தனை? உதவிக் குழுவில் அவையள் எத்தனை பேர்? கேட்டால் "நாங்கள் வித்தியாசம் பாக்கிறதில்லை" என்பம். எருசலேமிலும் ஆரும் வேணுமென்று பார்த்திருக்க மாட்டினம்.

சரி, ஏற்பாடு என்றால் என்ன? ஒரு அன்பியத்தில், அதுதான் பங்கின் அயல்வீட்டுக் குழுவில், முப்பது வீடு என்று வையுங்கோ. மாசி, பங்குனியில் அருவி வெட்டு முடிய வீட்டுக்கு 10 கிலோ நெல். மொத்தம் 300 கிலோ. மில்லில் குத்தினால் 195 கிலோ மட்டில் அரிசி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடப் போகும். ஆக, மூன்று வீட்டைக் கார்த்திகை, மார்கழி ரெண்டு மாதமும் தாங்கலாம். எங்கடை பஞ்சம் அப்பதானே: மழையில் கூலி வேலை இல்லை, முல்லைத்தீவுக் கடலில் தொழில் இல்லை, புது நெல் இன்னும் வரவில்லை. மனம் இளகிறதோ நத்தாருக்கு மட்டும். அப்ப குடுக்கிற பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்பது நாளில் முடிஞ்சிடும்.

இதில் பிழைக்கிற இடங்களும் இருக்கு. ஈரநெல்லைக் கட்டினால் பூஞ்சணம்; பல்லில் வைச்சுக் கடிச்சால் "டக்" என்று முறிய வேணும், நசிஞ்சால் இன்னும் ஒரு வெயில். சாக்கைச் சீமெந்து நிலத்தில் வைச்சால் அடிநெல் கெடும். தடி அடுக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேணும்.

நெல்லைவிடக் கெதியாய்க் கெடுறது மானம். பூசை முடியப் பீடத்தில் நின்று பெயர் வாசிச்சால் அடுத்த முறை அந்த வீட்டார் பூசைக்கே வராயினம். போன் கமரா இன்னும் மோசம். 1833இல் பாரிசில் தொடங்கின வின்சென்ட் டி போல் சபையின் வழமை நல்ல வழமை: வீட்டுக்கு ரெண்டு ரெண்டு பேராய்ப் போறது, கூட்டத்தில் ஆர் எவ்வளவு போட்டது என்று தெரியாமல் பை சுத்திவாறது. போற ரெண்டு பேரும் "ஏதும் கஷ்டமோ?" என்று கேட்கக்கூடாது. "இல்லை, கடவுள் புண்ணியத்தில்..." என்ற மறுமொழிதான் வரும். "அரிசி எத்தனை நாளைக்குக் கிடக்கு? கடைக் கொப்பியில் கடன் எவ்வளவு? கிழமை லோன் கட்டுறது என்றைக்கு?" மூன்று கேள்வி போதும்.

பிணக்குக்கும் ஏற்பாடு இருக்கு. மத்தேயு 18: முதலில் தனிய, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியாய்ச் சபைக்கு. நாங்கள் கடைசியில் தொடங்கி, தனியக் கதைக்கிறதை விட்டிடுறம்.

எதிரணித் தம்பி, போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் காய்ச்சிக் குடுத்த கஞ்சியைச் சொன்னார். "அங்கே ஆர் கணக்குப் பார்த்தது?" என்றார். சபை அமைதியாய்ப் போச்சு, நானும்தான். தம்பி, அந்தக் கஞ்சிக்கும் வரிசை இருந்தது, அகப்பைக்கும் அளவு இருந்தது. அரிசி குறைய ஆரோ தண்ணியைக் கூட்டி, கடைசிப் பிள்ளைக்கும் வாற மாதிரிக் கலக்கினது. கிடாரத்தையும் வரிசையையும் மாறிமாறிப் பார்த்து எண்ணினவளுக்கு இளகிய மனம் இல்லை என்று சொல்லுவீங்களா? அவள் எண்ணினபடியால்தான் எட்டினது.

பவுலடியாரும் எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்தில் சேர்க்கச் சொன்னபோது, கிழமையின் முதல் நாளில் அவரவர் வருமானத்துக்கேற்ப எடுத்துவை என்றார். காசைக் கொண்டுபோகச் சபையே ஆக்களைத் தெரிவு செய்ய வேணும் என்றார். தன்னிலேயே பழி வரக்கூடாதென்று திருத்தூதர் யோசிச்சிருக்கிறார், எங்கடை பொருளாளர் கொப்பியைக் கேட்டால் "என்னில் நம்பிக்கை இல்லையோ?" என்று முகம் சுழிக்கிறார்.

நடுவர் மணியில் கை வைச்சிட்டார். ஒன்றே ஒன்று, ஐயா. நெல் அறைக்கு ரெண்டு பூட்டு போடுவிக்க வேணும். ஒரு திறப்பு பொருளாளரிடம். மற்றது, போன வருசம் அரிசி வாங்கின மூன்று வீட்டில் ஒரு வீட்டிடம்.