மிக்ஸிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

எல்லோருக்கும் வணக்கம். உடைந்த வீட்டுச் சாமான்களை நாமே சரிசெய்து பார்க்கத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம். மேடையில் பேசிப் பழகாத ஆள் நான். கையில் திருப்புளி இருந்தால்தான் எனக்குப் பேச்சே வரும் என்பதால் அதையும் கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பண்டிகைக்கு முந்தின நாள், வடைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது வீட்டு மிக்ஸி படக்கென்று நின்றுபோனது. தூக்கிக்கொண்டு ஒரு கடைக்கு ஓடினேன். உள்ளே எடுத்துப்போனவர் ஐந்தே நிமிடத்தில் ஓடுகிற மிக்ஸியோடு வந்து 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் அதே மாதிரி நின்றபோது, மிக்ஸியோடு வந்த காகிதத்தை வாழ்க்கையில் முதல் முறையாகப் படித்தேன். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, பாரம் அதிகமானால் மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்கிற சுவிட்ச் அது, கொஞ்சம் ஆறவிட்டு அமுக்கினால் போதும் என்று போட்டிருந்தது. போன தடவை அந்த மனிதர் அதைத்தான் அமுக்கியிருக்கிறார்! 250 ரூபாய் போனது போகட்டும். அன்றைக்கு அவர் "மோட்டார் போச்சு சார், புதுசா வாங்கிக்குங்க" என்று சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். உயிரோடு இருக்கிற மிக்ஸி காயலான் கடைக்குப் போயிருக்கும். அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

2022-ல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகளின் கணக்கு சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதில் நிறைய, செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிற ஏதோ ஒரு மூலையில் புகையாகிறது. அந்தக் குவியலில் எத்தனை சிவப்புப் பொத்தான்கள் அமுக்கப்படாமல் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஃபேனுக்கு வருவோம். போட்டால் "உம்ம்" என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. அல்லது அஞ்சில் வைத்தாலும் ரெண்டில் ஓடுகிற மாதிரி மெதுவாக ஓடுகிறது. உடனே புது ஃபேன் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலும் போயிருப்பது நாம் கண்டென்சர் என்று சொல்கிற கெப்பாசிட்டர்தான். சாதாரண சீலிங் ஃபேனில் அதன் அளவு அனேகமாக 2.5 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரை அளக்கிற அலகு), மேலே கிண்ணம் மாதிரி இருக்கிற மூடிக்குள்ளே உட்கார்ந்திருக்கும். டீ வடை செலவில் வாங்கிவிடலாம். மோட்டாருக்குள் இரண்டு காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள், இருக்கின்றன, ஒன்றின் மின்சாரத்தை இன்னொன்றிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவிட்டால்தான் அது சுற்றத் தொடங்கும், அந்தத் தள்ளுகிற வேலையைச் செய்வது இதுதான். உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. சின்னச் சின்னப் பழுது வரும்போதெல்லாம் அந்தப் பூச்சில் துளியூண்டு எரிந்து தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அப்படி வருடக்கணக்கில் எரிந்து எரிந்து 2.5 என்பது 1.5 ஆகிவிடும், ஃபேனும் சோர்ந்துபோகும். அதற்காக எல்லாமே கண்டென்சர் என்று நினைக்க வேண்டாம். மெயினை இறக்கிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் ஃபேன் வழுக்கிச் சுற்ற உதவுகிற பேரிங். கருகின வாசனை வந்தால் காயில், அது காயில் சுற்றித் தருகிற வைண்டிங் கடைக்காரர் வேலை.

ஒன்று மட்டும் இரண்டு தரம் சொல்வேன். சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினை இறக்குங்கள். மெயினை இறக்குங்கள். சில வீடுகளில் சுவிட்சை மின்சாரம் வருகிற ஒயரில் கொடுக்காமல், திரும்பிப் போகிற ஒயரான நியூட்ரலில் கொடுத்து வைத்திருப்பார்கள், சுவிட்ச் அணைந்திருக்கும், ஆனால் ஃபேனில் மின்சாரம் இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உயிரை எடுக்கிற அளவுக்கு அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். உப்பின செல்போன் பேட்டரியைக் குத்தக் கூடாது. இன்வெர்ட்டரும் நமக்கு வேண்டாம். என்னைக் கேட்டால் எல்.இ.டி. பல்பைப் பிரிப்பதுகூடப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வேண்டாம், யூடியூபில் எவ்வளவு சுலபமாகக் காட்டினாலும்.

மிச்சம் இருப்பதே ஏராளம். மிக்ஸி மோட்டார் ஓடுகிறது, ஜார் சுற்றவில்லையா? மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் தேய்ந்திருக்கும். மோட்டாருக்குப் பதில் தான் தேய்வதுதான் அதன் வேலையே. உள்ளே எக்கச்சக்கமாகப் பொறி பறந்தால் மோட்டாரின் சுற்றுகிற பகுதிக்கு மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டுச் சூடாகிறதா? ஒயர் கழுத்துப் பக்கம் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், மின்சாரத்தைச் சோதிக்கிற ஒரு சாதாரண மல்டிமீட்டர் கருவி 'பீப்' சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணிகளைக் கழற்றின வரிசையில் இட்லித் தட்டுக் குழிகளில் போட்டு வையுங்கள். இதற்கு எங்கள் வீட்டில் நான் வாங்கின திட்டு தனிக் கதை.

அப்புறம், புதிதாக ஏதாவது வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். திருகாணி இருக்கிறதா, இல்லை, பசை போட்டு ஒட்டியே விட்டார்களா? ஒட்டினதை நான் வாங்குவதில்லை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்டின் போஸ்ட்மா என்கிற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்றை ஆரம்பித்தார். உடைந்ததைக் கொண்டுபோனால், கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கூடச் சேர்ந்து சரிசெய்ய வேண்டும். இப்போது பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் நடக்கிறது. காபி போட நம்மிடம் ஆள் இல்லை, மற்றபடி இங்கேயும் அதைத்தான் செய்யப்போகிறோம்.

மேசை மேலே இருக்கிற இந்த மிக்ஸியை ஒரு அம்மா ஓடவில்லை என்று கொடுத்தார்கள். நான் இன்னும் திறக்கவில்லை. பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டேன், பிரச்சினை அது இல்லை. இதுவரைக்கும் திருப்புளியே பிடிக்காத யாராவது ஒருவர் மேலே வாங்க. பிளக் என் கையில்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள்.