விடிவதற்குள் முடிந்துவிடும் கதைகள்: கூடத்துச் சுவரில் நான்கு சனிக்கிழமைகள்

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு மெய்யழகன் படத்தை எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் போட்டுப் பார்த்து முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பார்த்தவர்களில் ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை. எந்தப் படமானாலும் பாதிக்கு முன்பே கண்ணயர்ந்துவிடும் என் அப்பாவும் கடைசி வரை விழித்திருந்தார். அப்பாவின் உறக்கத்தை என்னுடைய பழைய காணொளிகளில் பலமுறை பார்த்திருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும் என்றுதான் காலையிலேயே திண்ணைக்கு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்ததைப் பார்த்தவர்கள், மற்ற சுவர்களை விட்டுவிட்டு அந்த ஒரு சுவருக்கு மட்டும் ஏன் மூன்று கை அடிக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மாலைக்கு மேல் ஊரில் எங்கும் போக முடியாது என்பதால், சனிக்கிழமைதோறும் வீட்டிலேயே ஒரு படம் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: கதையின் பெரும்பகுதி ஒரே இரவிலோ ஒரே பயணத்திலோ நடந்து முடிகிற தமிழ்ப் படமாக இருக்க வேண்டும்.

படங்களுக்குப் போவதற்கு முன் ஒரு கேபிளைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அத்தான் விட்டுச் சென்ற பழைய புரொஜெக்டர் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் படம் சுவர் முழுவதும் விழ வேண்டுமானால் அதை முற்றத்துக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். மடிக்கணினியோ கூடத்தில் மின்செருகி இருக்கும் மூலையில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே இரண்டையும் இணைக்கப் பத்து மீட்டர் நீளத்தில் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் தேவைப்பட்டது. முதலில் ஏறிய கடையில் 1,650 ரூபாய் சொன்னார்கள். முனையில் தங்க முலாம் இருக்கிறது என்றார்கள். நான் கேட்டது கேபிள், தோடு இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டாவது கடையில் 1,100 ரூபாய். மூன்றாவது கடையில் ஐந்து மீட்டர்க் கேபிள் இரண்டை வாங்கி நடுவில் இணைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார்கள். அப்படி இணைத்தால் படம் விட்டுவிட்டு வரக்கூடும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பொங்கலின்போது பக்கத்து வீட்டில் அதே தவறு நடந்து கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரைத் தெருவே தவறவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு சிறிய கடையில், அதே பத்து மீட்டர்க் கேபிளை 520 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தக் கடைக்காரர் தம் தொலைக்காட்சியில் அதைச் செருகிக் காட்டிய பிறகே பணத்தை வாங்கிக்கொண்டார். நான்கு வாரமாக அது ஒரு நொடிகூடத் தடங்கல் செய்யவில்லை என்பதை மிகுந்த நிறைவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் சனிக்கிழமை கைதி. 2019 தீபாவளிக்கு வந்த இந்தப் படத்தில் பாட்டும் இல்லை, கதாநாயகியும் இல்லை. பத்து ஆண்டுச் சிறைவாசம் முடித்து, பிறந்ததிலிருந்து பார்த்திராத மகளைப் பார்க்கப் புறப்படும் தில்லி, மயங்கிக் கிடக்கும் காவலர்களை ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக லாரி ஓட்டுகிறான். சண்டைகளைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். மகளுக்கென்று அவன் பத்திரமாக வைத்திருக்கும் கம்மலைத்தான் நான் இந்த முறை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுடைய பத்து ஆண்டுகளைக் காட்ட இயக்குநர் லோகேஷ் கனகராஜுக்கு நேரம் இல்லை. அந்தச் சின்னஞ்சிறு பொருளும், பாதி வழியில் தன் கதையை அவன் சொல்லும் சில நிமிடங்களும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. காவல் நிலையத்தில் மாணவர்களோடு தனித்து நிற்கும் கான்ஸ்டபிள் நெப்போலியனாக ஜார்ஜ் மரியான் வரும் பகுதியை எங்கள் தெருப் பிள்ளைகள் மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார்கள். இறுதியில் துப்பாக்கி முழங்கும் நேரம் எனக்குச் சற்று நீளம். எனினும் தயங்காமல் பாருங்கள்.

இரண்டாவது வாரம் பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய கொட்டுக்காளி. இதில் இரவு இல்லை. மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து குலதெய்வத்துக்கும் பிறகு சாமியாடியிடமும் ஒரு குடும்பம் ஷேர் ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலும் செல்லும் ஒரு பகல் மட்டுமே இருக்கிறது. வேறு சாதிப் பையனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகக் குடும்பம் நம்புகிறது. அவள் கிட்டத்தட்ட வாயைத் திறப்பதே இல்லை. அவளை மணக்க இருக்கும் பாண்டிக்கோ தொண்டை கட்டிப்போய்ச் சுண்ணாம்பு தடவியிருக்கிறது. பேச மறுப்பவள் ஒருத்தி, கத்த நினைத்தும் குரல் எழாதவன் ஒருவன். இவ்வளவையும் பின்னணி இசை என்று ஒரு துளிகூட இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். ஆட்டோ இரைச்சலையும் சேவலின் சிறகடிப்பையும் கேட்ட என் அப்பாயி, நம் வீட்டுக் கோழிக் கூண்டில் மரநாய் புகுந்துவிட்டதென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்தப் புரொஜெக்டருக்குள்ளேயே இருக்கும் ஒலிபெருக்கி மிகவும் சன்னமானது, கைதியை அதில்தான் கேட்டோம், பாதி வசனம் புரியவில்லை. கொட்டுக்காளிக்கு அது உதவாது என்று தெரிந்ததால், கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டும் எங்கள் தெருக்காரரிடம் ஒரு பெட்டியை இரவல் வாங்கி, தரையில் வைக்காமல் மர பெஞ்சின் மேல் வைத்தேன். மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தபோதும் சேவல் சிறகடிப்பது அப்பாயியின் காதுக்குத் தெளிவாகக் கேட்டது அதனால்தான்.

வயலோரத்தில் ஒலித்த ஒரு பாட்டை மீனா முணுமுணுத்ததற்காகப் பாண்டி அவளையும் தடுக்க வந்த பெண்களையும் அடிக்கும் காட்சி பார்க்கத் தாங்கக்கூடியதல்ல, சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வழியை மறித்து நிற்கும் காளையை, அத்தனை ஆண்கள் தயங்கி நிற்கும்போது, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அழைத்துச் செல்லும் இடத்துக்காக மட்டுமே நான் இந்தப் படத்தை இன்னும் பத்து முறை பார்ப்பேன். முடிவு பாதியில் நிற்கிறது என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். பாண்டி என்ன செய்ய வேண்டும் என்று அவர் மறுநாள் காலை காப்பி வரை பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, அப்படி நிறுத்தியதுதான் சரி என்ற என் எண்ணம் உறுதிப்பட்டது.

மூன்றாவது வாரத்துக்கு 96. தஞ்சாவூர்ப் பள்ளியில் சேர்ந்து படித்த ராமும் ஜானுவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சந்தித்து, அவள் விமானம் ஏறும் வரை சென்னையில் கழிக்கும் ஓர் இரவின் கதை. இதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நீட்டவில்லை. மின்சாரம் நின்ற இருட்டில், அவன் பள்ளிக் காலம் முதல் கேட்டும் பாடாமல் வைத்திருந்த பாட்டை ஜானு பாடத் தொடங்கும் இடத்தில் எங்கள் கூடத்தில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை. கடைசியில் அவள் உடுப்பை மடித்துப் பெட்டிக்குள் ராம் வைப்பதைப் பார்த்து, அழுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட என் தம்பியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது நேற்றைய படத்துக்கு வருகிறேன். மெய்யழகனும் 96-ஐ இயக்கிய அதே சி. பிரேம்குமார் எழுதி இயக்கியதுதான். 2024 செப்டம்பர் 27 அன்று வெளிவந்தது. சொத்துத் தகராறில் 1996-ஆம் ஆண்டு தஞ்சாவூர் வீட்டை இழந்து வெளியேறிய குடும்பத்தின் மகன் அருள்மொழி, இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் அத்தான், அத்தான் என்று அவனை விடாமல் ஒட்டிக்கொள்கிறான். இவன் யார், இவன் பெயர் என்ன என்பது அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். பேருந்தைத் தவறவிட்டு, பெயர் தெரியாத அவன் வீட்டிலேயே அருள்மொழி இரவு தங்க நேர்கிறது.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, அந்த ரயில்வே கேட்டில் காத்திருந்தே வளர்ந்தவள். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. எங்கள் ஊர்களைத் திரையில் காட்டுவதென்றால் பச்சை வயலை மேலிருந்து ஒருமுறை சுற்றிக் காட்டிவிட்டு, மதுரைப் பேச்சைப் பேச விடுவது எனக்கு அறவே பிடிக்காத வழக்கம். இந்தப் படம் எங்கள் ஊரை வயலில் தேடவில்லை. கல்யாண வீட்டில் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொள்பவரை யாரென்று கேட்டுவிட்டால் அது அவர் குடும்பத்துக்கே செய்யும் அவமரியாதை என்பதால், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, அப்பா எப்படி இருக்கிறார் என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டே பதிலுக்குள் பெயரைத் தேடுவோமே, அந்தத் தவிப்பையே ஒரு முழுப் படமாக ஆக்கியிருக்கிறார் பிரேம்குமார். அருள்மொழியாக வரும் அரவிந்த் சாமி அந்தக் கூச்சத்தைக் கண்ணிலும் தோளிலும் மட்டுமே வைத்து நடித்திருக்கிறார். அவனை ஒட்டிக்கொள்பவனாக வரும் கார்த்தி இப்படி ஓயாமல் பேசி நான் பார்த்ததில்லை. கைதியில் சோற்றுப் பாத்திரத்தின் முன் பேச்சற்று உட்கார்ந்திருந்தவர் இவர்தானா என்று அம்மா வியந்தார்.

இனி என் வருத்தத்தைச் சொல்கிறேன். நான் இந்தப் படத்தை முதல் வாரத்திலேயே தஞ்சாவூரில் பார்த்தேன். வெளியான சில நாட்களில் நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்து, படக்குழுவே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தது. அடுத்த முறை அம்மாவை அழைத்துச் சென்றபோது இரவு எனக்குச் சிறுத்துப்போய்த் தெரிந்தது. ஓர் இரவுக் கதையில் நீளம் என்பது கழிக்க வேண்டிய கொழுப்பு இல்லை. அருள்மொழி விட்டுச் சென்ற சைக்கிளால்தான் தங்கள் குடும்பம் தலையெடுத்தது என்று இவன் சொல்லும் நேரத்தில் அந்தச் சைக்கிள் நமக்கும் கனக்க வேண்டுமென்றால், அதற்கு முன் இருவரும் வேலையற்ற பேச்சாக எவ்வளவோ பேசித் தீர்த்திருக்க வேண்டும். பின்கதையைக் காட்டாமல் ஒரு கம்மலிலும் ஒரு சைக்கிளிலும் ஏற்றிவைக்கும் படங்கள் இவை. பேச்சை வெட்டினால் பொருள் வெறும் பொருளாகிவிடும்.

இவ்வளவு பொறுமை இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, தஞ்சாவூருக்குப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவை ஒருமுறை வந்து பார்க்கும்படி சொல்லுவேன். தெலுங்கில் நடக்கும் நாடகத்தை, மொழி தெரியாதவர்கள்கூட இரவெல்லாம் உட்கார்ந்து பார்ப்பார்கள். விடிய விடியப் பார்ப்பது எங்கள் மண்ணுக்குப் புதிய பழக்கம் இல்லை.

அப்பாயியை மறந்துவிட்டேன். கல்யாண மேடையிலேயே தங்கை புவனா, அருள்மொழி கொண்டுவந்த பரிசுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அணிந்துகொள்ளும் காட்சியை அவர் மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை முடிந்ததும், தம்முடைய கல்யாணத்துக்கு அண்ணன் கொண்டுவந்த வெள்ளிக் குங்குமச்சிமிழைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அப்படி ஒரு சிமிழ் வீட்டில் இருப்பதே எனக்கு நேற்றுதான் தெரியும்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் கொட்டுக்காளியைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்குக் கைதி. பெரியவர்களோடு பார்க்க மெய்யழகன். வரும் சனிக்கிழமை 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் வந்த அந்த நாள். ஒரு பாட்டுகூட இல்லாத அந்தப் படத்தில், வானொலிப் பொறியாளர் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். சுட்டது யார் என்பதைத் தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் எழுதுவதையெல்லாம் என் தம்பி அப்பாயிக்கு வாசித்துக் காட்டுகிறான்.